கீழே உட்காரும் வித்தை

"நீ எந்திரிக்க வேண்டாம் மிது. கட்டில்லயே படுத்திரு. நான் கீழ உக்காந்துக்கறேன்."

"எதுக்குங்க கீழ? நாற்காலி இருக்குதில்ல?"

"மேல உக்காந்தா புத்தி சொல்லத் தோணும். கீழ உக்காந்தா தோணாது."

ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆவணி மாதத்துச் சாயங்காலம், பொள்ளாச்சியில் ஒரு சின்ன வீட்டின் படுக்கையறையில், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே நடந்த பேச்சு இவ்வளவுதான். ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போன குழந்தையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மிதுனா வீடு திரும்பிய மூன்றாம் நாள் அது. வந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, "சின்ன வயசுதான கண்ணு", "அடுத்தது தங்கும்" என்று ஆளுக்கொரு வார்த்தை சொல்லி, காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தது.

சரண் மட்டும் அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த அவளுடைய வலது காலைக் கணுக்காலருகே பிடித்தான். பெருவிரலால் மெல்ல ஓர் அமுக்கு. சற்றுப் பொறுத்து விரலை எடுத்துப் பார்த்தான். மறுபடி ஓர் அமுக்கு. மூன்று நாட்களாக வறண்டு கிடந்த மிதுனாவின் கண்கள் அப்போதுதான் உடைந்தன.

சரண் பேச்சுக்காரன் இல்லை. தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற தொழில். "குழாய்க்காவது ரெண்டு பக்கம் வாய் இருக்குது, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கமும் இல்ல" என்று மிதுனா தன்னுடன் வேலை பார்க்கும் நர்ஸுகளிடம் சொல்லிச் சிரிப்பாள். கல்யாண நாளை மறப்பான். புதுப் புடவையைப் பார்த்துவிட்டுப் பழசா புதுசா என்று கேட்பான். அதற்கெல்லாம் கோபம் வரும்போது அவள் அந்தச் சாயங்காலத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு வாக்கியம் போதும். இப்படிச் சொல்லத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் மன்னிப்பு.

அதே வாக்கியத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில், முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து அவள் கேட்டாள்.

உடுமலை பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடன் வந்த இளைஞன், வெள்ளை பேண்ட் போட்டிருந்தவன், அந்த அழுக்குத் தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

"எதுக்குங்க மண்ணுல உக்கார்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அந்தப் பெண், அழுகைக்கு நடுவே.

"பாக்கட்டும். மேல உக்காந்தா புத்தி சொல்லத் தோணும். கீழ உக்காந்தா தோணாது."

அவன் கை அவள் கணுக்காலுக்குப் போயிற்று. பெருவிரலால் ஓர் அமுக்கு. பொறுத்து, எடுத்துப் பார்த்தான். மறுபடி ஓர் அமுக்கு.

உடுமலை பஸ் வந்தது, நின்றது, போயிற்று. மிதுனா நகரவில்லை. தன் படுக்கையறைக் கதவை யாரோ பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து திறந்து வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்தப் பெண் முகம் கழுவப் போனதும் அவனிடம் போனாள். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. இந்தப் பேச்சு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவன் பேண்ட்டைத் தட்டிக்கொண்டே கூச்சத்தோடு சிரித்தான். "கைமாற்றுல எடுத்ததுங்க்கா. அவங்கப்பா பத்து நாளைக்கு முன்னாடி தவறிட்டாருங்க. நான் என்ன பேசினாலும் அவளுக்கு இன்னும் வெசனமாத்தான் போச்சு. நேத்துதான் இத எடுத்தேன். எடுத்தது நல்லதாப் போச்சுங்க. பத்து நாளைக்கு அப்பறம் இன்னைக்குத்தான் வாய் விட்டு அழறா."

"கால எதுக்கு அமுக்கறீங்க?"

"அதானுங்க எனக்கும் தெரியல. கை தானாப் போவுது. வண்டலா இருக்குமுங்க."

கைமாற்று என்பதை அந்த ஊரில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்தை யாராவது விளக்குவார்களா? பிடரியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, அவ்வளவுதான் கருவி. ஒரு வேலையை நன்றாகத் தெரிந்தவர் அதைப் போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்வார். எப்படிச் செய்தார் என்பது, கையின் போக்கும் பேச்சின் போக்கும் மனசின் போக்கும் சேர்ந்து, வலையில் ஏறிவிடும். வேண்டுமென்கிறவர் அரை மணி நேரம் பட்டையைப் போட்டுக்கொண்டு அதை இறக்கிக்கொள்வார். பதினோரு நாள் அது கையில் நிற்கும். அதற்குள் பழகிக்கொண்டால் உங்களுக்கே சொந்தம். இல்லாவிட்டால் கரைந்துபோகும். கொடுத்தவர் பெயர் எடுத்தவருக்குத் தெரியாது. முன்பெல்லாம் வலைத்தளங்களில் மக்கள் சாப்பிட்ட தோசையைப் படம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்களாம். அதே வலையில் இப்போது தோசை ஊற்றுகிற கையையே கொடுக்கிறார்கள்.

அதனால் வந்த நன்மையை மிதுனா கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். ஆனைமலையில் யாரோ ஒரு விவசாயி, தென்னை மரத்தில் காதை வைத்து உள்ளே கூன்வண்டு குடைகிற சத்தத்தைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் கொடுத்தார். ஒரே வருடத்தில் ஜில்லா முழுக்க மரம் மரமாகக் காதை வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எத்தனையோ தோப்பு பிழைத்தது. ஒரே தொல்லை, கேட்ட வித்தையோடு கேட்காததும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கொடுத்தவர் வெற்றிலை போடுகிறவராக இருந்தால் உங்கள் நாக்கும் நாலு நாள் சுண்ணாம்பு தேடும். அதைத்தான் வண்டல் என்றார்கள்.

அன்று முழுவதும் நோயாளிகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டபடியே மிதுனா ஒன்றையே திருப்பித் திருப்பி நினைத்தாள். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். சரண் அந்த வாக்கியத்தைக் கைமாற்றில் எடுத்திருக்க வேண்டும், இல்லை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால், அவளுடைய துக்கத்தை ஊருக்குப் பாடமாக வைத்திருக்கிறான். எடுத்திருந்தால்... எடுத்திருந்தால் ஆறு வருடமாக அவள் யாரோடு குடித்தனம் நடத்தினாள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சரண் சமையலறையில் இருந்தான். பருப்பு உருண்டைக் குழம்பு. இடது கையால் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கொழம்பக் கைமாற்றுல கொடுத்தது யாரோ சிவகங்கைக்காரராட்டம் இருக்குது. இடது கை ஆளு. மூணு நாளா பல்லு வெளக்கறதுகூட இடது கைலதான் வருது."

"உருண்டை ஒடையாம இருந்தாச் சரி" என்றாள் மிதுனா. செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். "ஏனுங்க, கைமாற்றுல நீங்க மொதமொத எடுத்தது எதுங்க?"

கரண்டி நின்றது. உருண்டை ஒன்று உடைந்தது.

"எதோ வால்வு சம்பந்தமா. எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

"மோட்டார ஆஃப் பண்ணுனனான்னு தெரியல. பாத்துட்டு வந்தர்றேன்" என்று அவன் வெளியே போனான். அன்றைக்கு மோட்டாரே போடவில்லை.

பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய் என்பதால் அவளுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. பின்னாலேயே போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்டு, 'ஆமாம், எடுத்ததுதான்' என்று சொல்லிவிட்டால்? அந்தச் சாயங்காலத்தை அப்புறம் எந்தக் கையால் எடுத்துப் பார்ப்பது? உடைந்த உருண்டையை அவளே சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டாள்.

ஒரு தடவை கண்ணில் பட்டது பிறகு எங்கும் படும். புதன்கிழமை ஆஸ்பத்திரி நடையில், பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்ட ஒரு பெரியவரின் காலடியில் அவர் மகள் உட்கார்ந்து கணுக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை, ஜாக்கெட் தைக்கிற கடையில் தையல்காரர் தன் மனைவிக்குக் கீழே. ஊரே திரண்டு வந்து தன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்ட மாதிரி மிதுனாவுக்கு மூச்சு முட்டியது.

ஆனால் தையல்காரரின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம். பிறகு விரலை எடுத்து, குழி விழுந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. இது ஆறுதல் இல்லையே! காலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கிற முறை அல்லவா? கர்ப்பிணிகளுக்குத் தினம் இரண்டு வேளை இப்படித்தான் பார்ப்பார்கள். குழந்தை போன பிறகு அந்தப் பக்கமே வேண்டாமென்று கண் ஆஸ்பத்திரிக்கு மாறுகிற வரை, மிதுனாவே ஒன்பது வருடம் பார்த்ததுதான்.

ஆக, கொடுத்தது சரண் இல்லை. அவன் எடுத்ததுதான். கொடுத்தவள் பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி.

எவள் அவள்?

இது என்ன கேள்வி என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் முகம் தெரியாத அந்த நர்ஸின் மேல் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டிருந்ததை எவளோ சொல்லியிருக்கிறாள். என் காலைப் பிடித்தது எவளுடைய கையோ.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷாஹிதாவைத் தேடிப் போனாள். மிதுனாவோடு நர்ஸிங் படித்தவள். கோயமுத்தூர் ரோட்டில் கைமாற்று அலுவலகத்தில் இப்போது அவளுக்கு வேலை.

"வாடி, கண்ணு டாக்டரே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டவள், மிதுனா சொன்னதை எல்லாம் கேட்டு முடித்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இத்தன நாளும் உம் புருஷன் எந்தப் பொம்பளையையும் நிமிர்ந்து பாக்காத ஆளுன்னு நெனச்சேன். இப்ப பேரு தெரியாத நர்ஸோட சண்டைக்கு வந்திருக்கற."

"வெளையாடாத ஷாஹி. அவரு எடுத்தாரான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"முடியாது. பாத்தா எனக்கு வேலை போயிரும். கொடுத்தவங்க பேரும் சொல்ல மாட்டேன்." விசைப்பலகையில் தட்டிக்கொண்டே, "ஆனா அந்த வித்தையைக் காட்டறதுக்குத் தடையில்ல. இந்தா, 'துக்கத்தில் இருப்பவரோடு இருத்தல்'. அடேயப்பா! மூணு லட்சத்து எழுபதாயிரம் பேர் எடுத்திருக்காங்க. கூன்வண்டுக்கு அடுத்து இதுதான் போல."

"மூணு லட்சமா?"

"கொடுத்த புண்ணியவதி மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒருக்காகூட வந்து பாக்கல. வா, நீயே எடுத்துப் பாரு. வண்டல வெச்சு எந்த ஊர்க்காரின்னாவது தெரியும். காபி குடிக்கறவளா டீ குடிக்கறவளான்னு தெரியும்."

பிடரியில் பட்டை சில்லென்று ஒட்டியது. மிதுனா கண்ணை மூடிக்கொண்டாள். வேற்றுக் கை ஒன்று தன் கைக்குள் நுழையப் போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டாள்.

ஒன்றும் நுழையவில்லை.

"என்னடி இது" என்றாள் ஷாஹிதா. "'இது ஏற்கெனவே உங்களிடம் உள்ளது'ன்னு வருது. பட்டை போயிருச்சாட்டம் இருக்குது." வேறொன்றை எடுத்து ஒட்டினாள். மூன்றாவதையும் ஒட்டினாள். திரையில் அதே வரி.

"நான் எடுத்ததே இல்லையே ஷாஹி."

"எடுத்துப் பழகினவங்களுக்குத்தான் இது வரும். இல்லைன்னா..." ஷாஹிதா நிறுத்தினாள். குரல் மாறியது. "இல்லைன்னா, கொடுத்தவங்களுக்கு வரும்."

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தேன். வார்டுல இருக்கறப்போ, இந்தப் பட்டை புதுசா வந்த வருசம். பச்சக் குழந்தைக்கு நரம்பு கண்டுபிடிச்சு ஊசி போடறது. அதுவும் பெரிய சிஸ்டர் கட்டாயப்படுத்தினாங்கன்னு."

"கொடுத்தவங்கன்னா உங்கிட்ட காட்டலாம்." ஷாஹிதா திரையைத் திருப்பினாள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வைகாசித் தேதி. முதல் வரியில் நரம்பு ஊசி, பத்து நிமிடம். அதற்குக் கீழே இன்னொன்று, நாற்பது நிமிடம். 'பெயரிடப்படாதது' என்று போட்டு, பிற்பாடு யாரோ பெயர் வைத்திருந்தார்கள்.

"பட்டையைக் கழட்ட மறந்துட்டயாடி?"

மறந்துதான் போயிருந்தாள். ஊசி போட்டு முடித்ததும் அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள். ரமணி என்று ஒரு பெண். முதல் குழந்தை, பிறந்து மூன்று மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. மிதுனாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். அன்றைக்குப் பதினாலு மணி நேரமாக நின்றிருந்தாள். புது ஷூ இடது கால் சுண்டுவிரலைக் கடித்துப் புண்ணாக்கியிருந்தது. ஸ்டூலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நிற்க முடியாமல்தான் தரையில் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியாததால் பேசாமல் இருந்தாள். சும்மா இருக்க முடியாமல் கை பழக்கத்தில் ரமணியின் கணுக்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. ரமணி அழுதாள், நாற்பது நிமிடம்.

பெரிய சிஸ்டர் வந்து, "என்னம்மா பேஷன்ட் முன்னால இப்புடிக் கீழ உக்காந்துட்டு?" என்று அதட்டினார். கால் வலிக்கிறது என்று சொன்னால் இன்னும் திட்டு விழும். வாயில் வந்ததைச் சொன்னாள்: "மேல உக்காந்தா புத்தி சொல்லத் தோணுதுங்க சிஸ்டர். கீழ உக்காந்தா தோணறதில்ல."

திட்டுக்குப் பயந்து சொன்ன சாக்கு, சொன்ன மறுநாளே மறந்துபோன சாக்கு.

"அன்னைக்கு என் கால் வலிச்சுதுடி ஷாஹி, அவ்வளவுதான்" என்றாள் மிதுனா. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "அத எடுத்துட்டுப் போயி மூணு லட்சம் பேரு..."

"நல்லதுதான. அந்த மூணு லட்சம் பேருக்கும் கால் வலிக்கல. ஆனாலும் கீழ உக்காந்தாங்க."

"அது சரி. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. என்னுதையே எனக்குக் கொண்டாந்து கொடுத்திருக்காரு. அப்ப அன்னைக்கு என் காலப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது யாருடி? அவரா, நானா?"

ஷாஹிதா பட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். பிறகு கேட்டாள், "எத்தன நாள் உக்காந்திருந்தாரு?"

"ஐப்பசி வரைக்கும். ரெண்டு மாசம் இருக்கும். தினமும் சாயங்காலம்."

"பதினோரு நாள்தான் கையில நிக்கும். ஆறு வருசத்துக்கு முன்னாடி மறுக்கா எடுக்கற வசதியே கெடையாது மிது. ஒருத்தருக்கு ஒருக்காத்தான்."

மிதுனா எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டு மாதத்தை நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தாள். ஆமாம், ஒரு நாளிலிருந்து அந்த அமுக்கல் நின்றுவிட்டது. அதன் பிறகு சரண் அவள் பாதத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொள்வான், கசியும் குழாய் இணைப்பைப் பிடித்துக்கொள்வது மாதிரி. கொஞ்சம் வலிக்கக்கூடச் செய்யும். ஒரு நாள் உட்கார்ந்தபடியே தூங்கிக் கட்டில் காலில் நெற்றியை இடித்துக்கொண்டான். ஒரு நாள், கேட்காமலேயே, அரை அங்குலக் குழாய்க்கும் முக்கால் அங்குலக் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து நிமிடம் சொன்னான். அப்போது அவளுக்கு அதெல்லாம் அசட்டுத்தனமாகப் பட்டது. அதனால் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அவனுடையதைத் தூர எறிந்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாளா? இல்லை, இப்படி நினைப்பதும் இன்னொரு குழப்பம்தானா? ஒன்றும் தெளியாமலேயே ஊர் வந்துவிட்டது.

நாலு மணி வெயில் சாய்ந்திருந்தது. வாசல் தகரக் கொட்டகையில் சரண் தரையில் உட்கார்ந்து குழாய்களை அளந்து வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வழக்கம்போல யாரும் உட்காராமல், மேலே ஒரு துண்டோடு.

"என்ன, வெரசா வந்துட்ட?"

"ஷாஹிதாகிட்டப் போயிருந்தனுங்க."

ரம்பம் நின்றது. அவன் தலை நிமிரவில்லை.

"வால்வுன்னு பொய் சொன்னீங்க" என்றாள் அவள்.

வெட்டிய குழாயின் முனையை அவன் பெருவிரலால் தடவினான். "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல மிது. எல்லாரும் உங்கிட்டப் பேசிப் பேசி உன்னைய இன்னும் கல்லாக்குனாங்க. நானும் அதையேதான் பேசியிருப்பேன். உங்கிட்டயே கேக்க முடியுமா, உன்னைய எப்புடித் தேத்தறதுன்னு? அதான் ஊரக் கேட்டேன்." குரல் இறங்கியது. "நீ அத எம் பேச்சுன்னு நம்பிட்ட. அப்பறம் சொல்ல வாய் வரல."

"யாருதுன்னு தெரியுமா?"

"பேரு சொல்ல மாட்டாங்கல்ல. யாரோ ஒரு நர்ஸம்மாவா இருக்கும். பாவம், நாளெல்லாம் நின்னுட்டே வேலை பாக்கறவங்க. பத்து நாளைக்கு எனக்குக் கெண்டக்காலெல்லாம் ஒரே கடுப்பு. அதோட இந்த..." என்று தன் இடது கால் சுண்டுவிரலைத் தொட்டான். "இங்க புண்ணே இல்ல, ஆனா ஷூ கடிச்ச மாதிரி எரியும். மஞ்சள்கூட வெச்சுப் பாத்தேன்."

மிதுனா குனிந்து தன் இடது கால் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"அது என் காலுங்க."

"எது?"

"அந்த நர்ஸம்மா நான்தானுங்க. பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி. பட்டையைக் கழட்ட மறந்துட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரமணி, ஸ்டூல், பெரிய சிஸ்டர், பயத்தில் சொன்ன சாக்கு. சரண் கேட்டுக்கொண்டே இருந்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள், சிரிக்கவில்லை. வெட்கப்படுவான் என்று நினைத்தாள், அதுவும் இல்லை. அவன் முகத்தில் வந்து போனது என்னவென்று, ஒன்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கே பிடிபடவில்லை.

"அப்ப அது உங்கிட்டயேதான் இருந்திருக்குது" என்றான் மெதுவாக. "இத்தன வருசமும் உங்கிட்டயேதான் இருந்திருக்குது."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். நீங்க கஷ்டப்பட்டு எங்கியோ போய் எடுத்துட்டு வந்தீங்க, அது..."

"அதச் சொல்லல மிது."

அவன் எழுந்தான். கையைத் துண்டில் துடைத்தான். அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அதுவரை அவன் உட்கார்ந்து அவள் பார்த்தே இராத அந்த பிளாஸ்டிக் நாற்காலியில், முதல்முறை வேற்று வீட்டுக்கு வந்தவன் மாதிரி நுனியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். மறுபடி எடுத்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி வைத்தான்.

எதற்காக எழுந்து போய் அங்கே உட்கார்ந்தான்? மிதுனாவுக்குப் புரியவில்லை. "என்னங்க? ஒடம்புக்கு முடியலையா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"அந்த வித்தைல, உக்கார்றவங்க என்ன பண்ணோணும்னுதான் வந்துச்சு" என்றான். "அழுகறவங்க என்ன பண்ணோணும்னு வரல. நானும் தேடிப் பாத்தேன். யாரும் கொடுத்து வெக்கல." தெருவைப் பார்த்தான். பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "எனக்கும் அது புள்ளதான மிது. ஆறு வருசமா கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன். ஒருக்கா... ஒரே ஒருக்கா, நீ எனக்குக் கீழ உக்காருவியா?"